எல்விராவின் கல்

கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டான் என் கிழவன் செலெஸ்தினோ. டைனோசர் மியூசியத்துப் பலகையில் அவன் பெயர் இருக்கிறதாம், பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும். மகள் மிர்த்தா நகரத்திலிருந்து வண்டி எடுத்து வந்தாள். எனக்குப் பலகை வேண்டாம். அந்த எலும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தால் போதும்.

மியூசியத்துக்கு அது எலும்பு. எனக்கு அது என் மூத்தவள் எல்விராவின் கல்லறைக் கல். பால் மறக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். பாதிரியார் வர முடியாத பனி. ஆட்டுக்கிடைக்குப் பின்னால் நாங்களே புதைத்தோம். எங்கள் படகோனியக் காற்றில் மரச்சிலுவை ஒரு குளிர்காலம்கூட நிற்காது. அதனால் செம்மண் ஓடையில் கிடந்த நீளக் கல்லைக் குதிரை கட்டி இழுத்துவந்து மேலே போட்டோம். எந்த மிருகத்தின் எலும்பு என்று யார் கண்டது? கனமாக இருந்தது. ஒரு முனையில் ஆணியால் நானே சிலுவை கீறினேன். கல்லறைத் திருநாள் தோறும் அதன்மேல் ரொட்டியும் ஒரு கிண்ணம் பாலும் வைப்பேன்.

போன குளிர்காலம் மிர்த்தாவின் பிரசவத்துக்காக நான் நகரத்தில் இருந்தேன். நேரம் பார்த்து மியூசியக்காரர்கள் வந்திருக்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கல்லைத் தூக்கிக் கொடுத்துவிட்டான் கிழவன்.

"மரியாதையா கேட்டாங்க கிழவி. என் பேரு போடுறேன்னாங்க. அந்த எடத்துல ஒரு மரக்கம்பு நட்டிருக்கேன், பயப்படாத."

மரக்கம்பு! நான் திரும்பி வந்தபோது எங்கும் மணல்தான். கிடை எப்போதோ இடம் மாறிவிட்டது. அந்த வெட்டவெளியில் எனக்கிருந்த ஒரே அடையாளம் கல்தான். இவனைக் கேட்டால் ஒரு நாள் இந்தப் புதரைக் காட்டுவான், மறுநாள் அந்தப் புதரை.

மியூசியத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். எலும்பைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. செலெஸ்தினோ தன் பெயரை விரலால் தடவித் தடவி வாசித்தான். நான் கயிற்றுக்கு மேலே குனிந்து அந்த முனையைத் தடவினேன். வழவழவென்று இருந்தது.

"தொடாதீங்கம்மா!" என்று ஓடிவந்தாள் சுற்றிக்காட்டும் பெண்.

"இங்க ஒரு சிலுவை இருந்துச்சே?"

"ஓ, அந்தக் கீறலா? யாரோ வேலையத்தவங்க ஆணியால கிறுக்கியிருந்தாங்க. பசை வச்சு அடைச்சுட்டோம். இப்ப பாத்தா தெரியவே தெரியாது, இல்ல?" அவளுக்குப் பெருமை.

"வேலையத்தவ நான்தான். இதுக்கடியில ஒரு குழந்தை இருந்துச்சு. அதையும் பலகையில எழுதுங்க."

அவள் சிரித்தாள். "இல்லம்மா, டைனோசர் குட்டி எதுவும் கெடைக்கல. எடுத்த எடத்தச் சுத்தி நல்லாத் தோண்டிப் பாத்தோமே."

என் பிள்ளையையே தோண்டிவிட்டார்களா என்று கயிற்றைத் தாண்டப் போனேன். செலெஸ்தினோ என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"பதறாத. அவங்க தோண்டுனது ஓடையில. அங்கதான் கெடந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"கல்லறைன்னு சொன்னா எடுப்பாங்களா?"

எடுக்க மாட்டார்கள். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பெற்ற பிள்ளையை மறைத்துத் தன் பெயரை எழுத வைத்திருக்கிறான். மிர்த்தா முன்னால் வந்தாள்.

"அப்பா, அந்த எடம் உங்களுக்காவது ஞாபகம் இருக்கா?"

அவன் பலகையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "ஓடைக்குப் பக்கத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். ஓடையில் கண்டெடுத்தது என்று பலகையில் எழுதியிருந்ததை அவனே நம்பத் தொடங்கிவிட்டான்.

அந்தப் பெண் பாவம், ஒன்றும் புரியாமல், "வாங்க, குடும்பமா ஒரு படம் எடுக்கறேன்" என்றாள். செலெஸ்தினோவின் கை தன்னால் கோட்டுப் பொத்தானைப் போட்டது. இத்தனை வருஷம் என்னோடு ஒரே பாத்திரத்தில் மாத்தே இலைக் கஷாயம் குடித்த மனிதன். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது எனக்கு.

நான் நகர்ந்து அந்தப் பெண்ணிடம் போனேன்.

"கல்லறைத் திருநாள் அன்னைக்கு எத்தனை மணிக்குத் தெறப்பீங்க?"

அவள் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள்.

"அன்னைக்குத் திங்கக்கெழமைம்மா. திங்கக்கெழமை நாங்க தெறக்கறதில்ல."