கணக்கில் வராத வாடகை

"நீ காலெடுத்து வச்ச நேரம்டி!"

பொற்கொடி செல்போனைச் சோபாவில் வீசினாள். சட்னி அரைத்த கையோடு சமையலறையிலிருந்து ஓடிவந்த மருமகள் சுப்ரியா திகைத்து நின்றாள். போனில் இருந்தது அவள் கணவன் கமலக்கண்ணன். அமெரிக்கக் குடியுரிமைக்கு மனுப் போட்டு, நேர்காணலுக்கும் போய்விட்டு, முடிவுக்காகக் காத்திருந்தவன்.

"எம் பையன் மனுவத் தள்ளிட்டாங்களாம். இப்பக் குளுந்துச்சா உனக்கு?"

சுப்ரியா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தள்ளிவிட்டது அவன் மனுவை மட்டுமா? கல்யாணமாகி ஐந்து வருஷம். கிரீன் கார்டு வைத்திருப்பவனின் மனைவி விசாவுக்கு வருஷக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும்; அவன் குடிமகனாகிவிட்டால் வரிசையே இல்லை. "எதுக்கு வரிசையில நின்னுக்கிட்டு? சிட்டிசன் ஆனதும் ஒரேயடியாக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லி, அவளுக்காக மனுவே போடாமல் விட்டான் கமலக்கண்ணன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்து போனான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஓசூரில் மாமியாரோடு காலம் தள்ளினாள். "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் சிரித்துச் சமாளித்தே அலுத்துப் போயிருந்தாள்.

சோபாவில் கிடந்த போனை எடுத்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"பொண்டாட்டி அங்க எப்படிப் பொழைக்கிறா, பணம் அனுப்புறியான்னு அந்த ஆபீசர் கேட்டான். இல்லைன்னா, கட்டினவளக் கவனிக்காதவன்னு நெனச்சுக்குவான்ல? அதான், எம் பேருல ஆறு வீடு இருக்கு, வாடகை பூராவும் அவளுக்குத்தான்னு சொன்னேன். அந்த வாடகைய இங்க வரிக்கணக்குல காட்டுனியான்னு பிடிச்சுக்கிட்டான்."

காட்டவில்லை. அந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவன் உலகத்தின் எந்த மூலையில் வருமானம் வந்தாலும் காட்ட வேண்டும். ஓசூர் வாடகை அமெரிக்காக்காரனுக்கு எங்கே தெரியப் போகிறது என்று வருஷாவருஷம் மறைத்தான் இந்தப் படித்த மனிதன். வருமானத்தை மறைத்தவனிடம் நன்னடத்தை இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். பழைய வரியையும் அபராதத்தையும் கட்டிவிட்டுச் சில வருஷம் பொறுத்துத்தான் மறுபடி முயல வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம்.

சுப்ரியாவுக்கு நெஞ்சில் குத்தியது வேறொன்று. வாடகை பூராவும் எனக்கா? தலைவலி மாத்திரைக்குக்கூட மாமியாரின் கையைப் பார்த்து நின்ற எனக்கா?

அந்த ஆறு வீடும் அவளுடைய அப்பா அழகர்சாமி கட்டியவை. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்து, சிப்காட்டில் இரும்பு உருக்கும் அனலில் வெந்து, விருப்ப ஓய்வில் வந்த பணத்தைப் போட்டு பாகலூர் ரோட்டில் வரிசையாக எழுப்பிய லைன் வீடுகள். கல்யாணம் பேசியபோது மகள் பெயருக்கே எழுதிவிடுகிறேன் என்றார். பொற்கொடி விடவில்லை.

"பொண்ணு பேருல எழுதுனா அது உங்க பொண்ணுக்குக் குடுத்தது. மாப்பிள்ளைக்கு என்ன செஞ்சீங்க? அமெரிக்காவுல இருக்கற பையன் சும்மாவா கெடைப்பான்?"

உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் நியாயம்தானே என்று தலையாட்டினார்கள். என்ன நியாயமோ! பெண்ணையும் கொடுத்து, அவள் காலூன்ற இருந்த இடத்தையும் கொடுத்தார் அழகர்சாமி. "தாயி, நீ நல்லா இருந்தாப் போதும்" என்றவர் மறுவருஷமே போய்ச் சேர்ந்தார். தாயை முன்னமே இழந்தவளுக்கு அதோடு பிறந்த வீடும் இல்லாமல் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமலக்கண்ணன் மறுபடி கூப்பிட்டான். பொற்கொடி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சுப்ரியா, இங்க ஃப்ரெண்டு ஒருத்தன் ஒரு வழி சொன்னான். அந்த வீடெல்லாம் பேருக்குத்தான் எனக்கு, வாடகை ஆரம்பத்துலேருந்து உன்னோட வருமானம்னு நீ எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கேஸு நமக்குச் சாதகமாயிடும்."

"நான் ஒரு பைசா பாத்ததில்லீங்களே."

"உன்னைக் கூட்டிட்டுப் போகத்தாண்டி அவன் இந்தப் பாடு படறான். போட்டாத்தான் என்ன?" என்றாள் பொற்கொடி.

"போடறேன்" என்றாள் சுப்ரியா. "பொய்யா மட்டும் போட மாட்டேன். வீட்ட எம் பேருக்கு மாத்திக் குடுங்க. அப்பறம் உண்மையைச் சொல்லி வரியக் கட்டுங்க, நீங்க எத்தனை வருஷம் சொன்னாலும் காத்திருக்கேன்."

"பாத்தியாடா, செத்துப்போன அப்பன் குடுத்ததத் திருப்பிக் கேக்கறா!" பொற்கொடி எகிறினாள்.

"அம்மா கத்தாத... சுப்ரியா, வீடு வேற, இது வேற. வீட்டையெல்லாம் எப்படி மாத்தறது?"

"நானா வீடான்னா வீடுதான், இல்லீங்களா?"

சொல்லிவிட்டுச் சுப்ரியா அழுதாள். ஐந்து வருஷமாக வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவன் "சரி, அப்பறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான். பிறகு கூப்பிடவில்லை.

அடுத்த மாதக் கடைசியில் சுப்ரியா துணிமணியோடு பாகலூர் ரோட்டுக்குப் போனாள். வரிசையில் மூன்றாவது வீடு காலியாக இருந்தது. முதல் வீட்டில் குடியிருந்த கன்னடக்காரி சாந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தான் வேலை செய்யும் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் அந்த மாத ஆரம்பத்தில் சுப்ரியாவைச் சேர்த்துவிட்டவள் அவள்தான்.

"அய்யோ தேவரே! உங்கப்பா நின்னு கட்டுன வூடு. ஓனரம்மா நீ, வாடகைக்கா வர்றே?"

"ஓனரு அமெரிக்காவுல இருக்காருக்கா."

பொற்கொடி தடுக்கவில்லை. "இருந்துட்டுப் போகட்டும். அட்வான்ஸ்கூட வேணாம்னுட்டேன். ஆனா வாடகை வாடகைதான். ஊருக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயமா?" என்று தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். பெருந்தன்மைதான்!

ஐந்தாம் தேதி காலையில் வாடகைக்கு வந்து நின்றாள். கம்பெனி வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சுப்ரியா, முதல் சம்பளத்திலிருந்து எடுத்து வைத்திருந்த பணத்தை அவள் கையில் வைத்தாள்.

"எண்ணிப் பாத்துக்கங்க அத்தே. இதையாச்சும் உங்க பையன அங்க கணக்குல காட்டச் சொல்லுங்க."

பொற்கொடி பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.