கடலில் தெரிந்த குழாய்

உலகச் சண்டை முடிந்து தேவிகுளம் மலைக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகியும், கப்பற்காரன் சிலுவைராஜ் கோயிலில் நற்கருணை வாங்க எழுந்ததில்லை. மற்றவர்கள் வரிசையில் போக, இவன் மட்டும் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பான். பாவசங்கீர்த்தனத்துக்கும் போகவில்லை. தேயிலைத் தோட்ட லயத்துப் பெண்களுக்கு இது போதாதா? துறைமுகத்தில் எவளையோ வைத்திருந்தான், அதைச் சாமியாரிடம் சொல்ல வாய் வரவில்லை என்று அவர்களே கதையைக் கட்டி முடித்துவிட்டார்கள். அவன் மனைவி கத்தரீனாள் அதை நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் இளைத்துப் போனாள். அங்கே என்னதான் நடந்தது என்று கேட்டால், சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பான். அதற்கு மேல் ஒரு சொல் பெயராது.

தண்ணீரைப் பார்த்தது உண்மைதான். நீர்மூழ்கிகளைத் தேடும் ரோந்துக் கப்பலில் அவனுக்குக் காவல் வேலை. ஒருநாள் காலை மூடுபனிக்குள், தண்ணீருக்கு மேலே முழ நீளத்துக்கு, நீர்மூழ்கி வெளியே பார்க்க நீட்டும் குழாய் போல ஒன்று தெரிந்தது. கத்தினான். வெடிப்பீப்பாய்களைக் கடலுக்குள் உருட்டிவிட்டார்கள். கடல் கொதித்து அடங்கியதும் எண்ணெய் மிதந்தது. ஆட்கள் அவனைத் தோளில் தூக்கி ஆடினார்கள். கேப்டனுக்குப் பின்னால் பதக்கமும் கிடைத்தது. இவனுக்கோ, உள்ளே மூச்சு முட்டிச் செத்தவர்களுக்கும் வீட்டில் ஒருத்தி காத்திருப்பாளே என்ற நினைப்பு விடவில்லை. குழாயைப் பார்த்த மறுநாளே காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதன்பின் அந்தக் கப்பலை அவன் பார்க்கவில்லை.

அதே கப்பலில் எஞ்சின் பார்த்த தூத்துக்குடி பாஸ்கல், இப்போது எஸ்டேட் ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்து சேர்ந்தான். வந்ததும் வராததுமாகப் பழைய கதையை எடுத்தான். சிலுவைராஜ் எழுந்து போகப் பார்த்தான். பாஸ்கல் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"ஏலே, ஒனக்குத் தெரியாதா? நீ போன பொறவு அதே எடத்துக்கு மறுபடி போனோம்லா. எண்ணெய் அப்பவும் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. முக்குளிக்கிறவன எறக்கிப் பாத்தாவ. முந்துன வருசமே முங்குன எண்ணெய்க் கப்பலாம்லே அது. ஆளுக எல்லாம் படகுல தப்பிச்சிட்டாவ. நீ பாத்தது அதோட கொடிமர நுனி."

கேப்டன் பதக்கத்தைத் திருப்பித் தரவில்லை என்பதையும் பாஸ்கல் சொன்னான். அதைக் கேட்க இவன் அங்கே இல்லை. கங்காணி அதட்டியதுகூடக் காதில் விழாமல், கொழுந்து கிள்ளும் பெண்களின் நடுவே மனைவி எதிரில் போய் நின்றான்.

"ஏட்டி, நான் ஒருத்தனையும் கொல்லலட்டி."

கத்தரீனாள் கூடையை இறக்கி வைத்தாள். அவன் மூச்சு வாங்கச் சொன்ன அத்தனையையும் கேட்டாள். கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டாள்.

"அப்ப, பொம்பள யாரும் இல்லையா?"

"எந்தப் பொம்பள?"

அவன் விழித்த விழியைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கொழுந்து கிள்ளக் குனிந்துகொண்டார்கள்.