உறைந்த குரல் எண் ஏழு, கலப்பு ஊடகம், நாலுக்கு ஆறு அடி

கலை வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க, நாளைய தலைமுறை கேட்டால் அன்று நாங்களும் அங்கே இருந்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லத்தக்க நிகழ்ச்சி ஒன்று, ஆழ்வார்பேட்டைக் காட்சிக்கூடத்தில், சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, முந்திரிப் பக்கோடா சுற்றில் வந்துகொண்டிருந்தபோது நடந்தது, அதாவது ஒரு பழுப்பு ஆறு ஓடாமல் நின்றது, துருப்பிடித்த தகரத்துக்குள்ளிருந்து கிளம்பி, கிழிந்த லுங்கித் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு பாஸ்போர்ட் அட்டைமேல் ஏறி இறங்கி, கண்ணாடியாக இறுகிய பசைக்கு அடியில் சுருள் சுருளாக, நாடா, அத்தனையும் கேசட் நாடா, அதன் முன்னால் செங்கமலம் வந்து நின்றாள், அம்பத்தூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த வியர்வையோடு. முகத்தைத் துடைக்க வேண்டும், துடைப்பதற்கு முன்னால் பொட்டை எடுக்க வேண்டும், எடுத்ததை எங்காவது ஒட்டி வைக்க வேண்டும், இதையெல்லாம் அவள் நினைத்துச் செய்வதில்லை, கை செய்துவிடும், குளியலறைக் கண்ணாடி, பீரோக் கதவு, ரயில் ஜன்னல் என்று அவள் போன இடமெல்லாம் ஒரு சிவப்பு வெல்வெட் பொட்டு அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும், புருஷன் போனபிறகும் பொட்டை விடவில்லையே என்று கேட்டவர்களுக்குக்கூட, கை பழகிப்போச்சு என்றுதான் பதில் சொன்னாள், இப்போதும் கை பக்கத்திலிருந்த வெள்ளைச் சீட்டின் மூலையில் ஒட்டியது, முந்தானை முகத்தைத் துடைத்தது, கண் சீட்டைப் படித்தது.

வளைகுடாவில் மறைந்த தன் அண்ணன் அனுப்பிய குரல்கடிதங்களின் நாடாக்களைக் கொண்டு கலைஞர் நிலன் படைத்திருக்கும் இப்படைப்பு, கேட்கப்படுவதற்கான குரல் அன்று, பார்க்கப்படுவதற்கான மௌனம். மூன்று முறை படித்தாள், முதல் முறை ஒன்றும் புரியவில்லை, இரண்டாம் முறை அதுவும் புரியவில்லை, மூன்றாம் முறை அண்ணன் என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது, நிலன் என்றால் அவள் கொழுந்தன் கோவிந்தராசு, மன்னார்குடியில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு கோவில் யானையைச் சுவரில் கரியால் வரைந்து அடி வாங்கினவன், அண்ணன் என்றால் ராசகோபால், மஸ்கட்டில் கிரேன் ஓட்டினவன், அவள் புருஷன்.

லீவில் யாராவது ஊருக்கு வந்தால் அவர் கையில் கேசட் வரும், செங்கு, நல்லாருக்கியா, நான் நல்லாருக்கேன், இங்க வெயில் தாரு உருகுது, பக்கத்துக் கட்டில் ஆளு இருமுறது உனக்குக் கேக்குதா, கேட்கிறது, அவளுக்கு எல்லாம் கேட்கிறது, ஏசி உறுமுவதும் கரண்டி விழுவதும்கூட, கேட்டு முடித்துவிட்டு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அதே கேசட்டில் அவன் பேசியதன் மேலேயே தன் பதிலைப் பேசுவாள், அந்த ஆள் திரும்பிப் போகும்போது கேசட்டும் போகும், தெருவில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பின வீடெல்லாம் அப்படித்தான், வந்த கேசட்டை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, வந்தது போனால்தான் போனது வரும் என்பார்கள். போனது வரவில்லை, ஒரு வைகாசியில் இருதயம் நின்றுபோய் அவன் பெட்டி மட்டும் வந்தது, நாலு சட்டை, பாதி தீர்ந்த கோடாலித் தைலம், அடியில் கேசட். அதை அவள் போட்டுக் கேட்கவில்லை, கேட்டால் தீர்ந்துவிடும், கேட்காதவரை அவன் சொல்லவேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அந்தப் பாக்கியை வைத்துக்கொண்டு இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டாள், வீட்டைக் காலிசெய்து மகளோடு அம்பத்தூருக்கு வந்தபோது பெட்டியைச் சூளைமேட்டில் கோவிந்து வீட்டுப் பரணில் வைத்தாள், பத்திரமா இருக்கும் அண்ணி என்றான், பத்திரமாகத்தான் இருக்கிறது, பசைக்கு அடியில், ஊரே பார்க்க, இனி எந்த மிஷினிலும் ஓடாதபடி.

பின்னால் யாரோ செருமினார், தங்கப் பொத்தான் சட்டை, ஓட்டல் முதலாளி, எங்க லாபி சோபா இதே பிரவுன் மேடம், அளவு எடுத்தாப்பல இருக்கு என்கிறார், மேடம் என்பது காட்சிக்கூடத்து மிருதுளா, அவள் குனிந்து சீட்டைப் பார்க்கிறாள், முகம் வாடுகிறது, ஐயோ சார், இது போயிடுச்சு, ரெட் டாட் ஒட்டியாச்சு பாருங்க, வித்துப்போனதுக்குத்தான் இதை ஒட்டுவோம். செங்கமலத்தின் கை நெற்றிக்குப் போனது, நெற்றி காலியாக இருந்தது, வாயைத் திறந்தாள், நாடாவைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள், முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பக்கோடாவை எடுத்துக்கொண்டாள்.

கோவிந்து வந்தான், லினன் ஜிப்பா, உச்சியில் நரைத்த கொண்டை, நீங்க வித்தீங்களா என்றான் மிருதுளாவிடம், நான் இல்லையே, நீங்கதான் தனியா யாருக்கோ குடுத்துட்டீங்கன்னு நினைச்சேன் என்றாள் அவள், சொல்லக்கூடாத பெரிய இடம் போலிருக்கிறது என்று ஒருவரை ஒருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள், பிறகு கோவிந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டின்மேல் குனிந்தான், வெல்வெட், மெல்ல நிமிர்ந்தான், எட்டுக் கண்காட்சிக்குக் கூப்பிட்டும் வராத அண்ணி தூணோரம் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பதைக் கண்டான்.

அண்ணி, இது உங்க பொட்டா? ஆமா. எடுங்க அண்ணி, அந்தாளு கார்ல ஏறப்போறாரு. எடுக்க மாட்டேன். அண்ணி, காலில் விழறேன். விழு, உங்கண்ணன் பேசினதை இடியாப்பம் பிழிஞ்ச மாதிரி பிழிஞ்சு வச்சிருக்கியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா கோவிந்து? அவள் குரல் உயர்ந்தது, நாலு பேர் திரும்பினார்கள், அதுவும் படைப்பின் பகுதியென்று ஒருவர் படம் எடுத்தார், கோவிந்து அவளைத் தூணுக்குப் பின்னால் நகர்த்தினான், அண்ணி, மெதுவா, சத்தியமா இது அண்ணன் கேசட் இல்ல. பின்ன? பழைய வண்ணாரப்பேட்டையில மூட்டையா வாங்கினது, ஏதோ ஒரு கட்சி மாநாடு, வரவேற்புரையே ரெண்டு கேசட். இந்த லுங்கி? என்னோடது. பாஸ்போர்ட்டு? வெறும் அட்டை. சீட்டுல அண்ணன்னு போட்டிருக்கே? வரவேற்புரைன்னு போட்டா யாரு அண்ணி வாங்குவாங்க.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள், பெட்டி எங்கடா, பரணிலேதான் அண்ணி, நான் தொடவே இல்ல, தொடத் தைரியம் வரல, அதை மட்டும் அவன் நிலனாக இல்லாமல் கோவிந்தாகச் சொன்னான், அவளுக்குத் தெரிந்தது, போய்ப் பொட்டை உரித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள், பசை போயிருந்ததால் சற்றுக் கோணலாக உட்கார்ந்தது, மிருதுளா ஓடிப்போய்க் காரை நிறுத்தினாள், மௌனம் சோபாவுக்குப் பொருத்தமாகப் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சூளைமேட்டுக்கு வந்துவிட்டாள், ஒருதரம் பறிகொடுத்த மாதிரி ஆனபிறகு இனி ஒத்திப்போட முடியாது, கோவிந்து பரணில் ஏறி இறக்கினான், நாலு சட்டை, தைலம், கேசட், மேல்மாடி வங்கிக்காரரிடம் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி வந்தான், நீயே அமுக்கு என்றாள், அமுக்கினான், நாடா இரைகிறது, யாரோ தொண்டையைச் சரிசெய்கிறார்கள், கோவிந்து கண்ணை மூடிக்கொள்கிறான், செங்கமலம் மூடவில்லை, பிறகு ஒரு பெண்குரல், இளங்குரல், ஏங்க, நல்லாருக்கீங்களா, நான் நல்லாருக்கேன், கிணத்து மோட்டாரு காயில் புகைஞ்சுபோச்சு, மெக்கானிக்கு நாளைக்கு வர்றேன் நாளைக்கு வர்றேன்னு ஆட்டம் காட்டுறான், யார் இந்தப் பொண்ணு என்று ஒரு கணம் யோசித்தாள், அப்புறம் தெரிந்தது, கோவிந்து மறுபக்கம் திருப்பிப் போட்டான், அங்கேயும் அதே குரல், மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டி, அதுவும் மறுபடி புகைந்திருந்தது. அவள் அனுப்பியது அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அவன் அதன்மேல் பதில் பேசுவதற்குள் போய்விட்டிருக்கிறான்.

இரண்டு பக்கமும் அவள்தான் பேசியிருந்தாள், பெரும்பாலும் மோட்டாரைப் பற்றி.