சத்தமே இல்லீங்க

2024 ஆகஸ்ட்டில், பள்ளிபாளையத்தில், எட்டு விசைத்தறிகளுக்குச் சொந்தக்காரரான காளியப்பன் வாய் குழறிப் பேசியதால், குடித்திருக்கிறார் என்று டீக்கடையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் குடிப்பவரல்ல.

பார்க்கின்சன் நோய்க்காக அவர் மூளையில் ஒரு மெல்லிய கம்பி இருந்தது. அது கழுத்து வழியாக இறங்கி, மார்புத் தோலுக்கடியில் இருந்த கருவியில் சேர்ந்தது. மூளையில் நோயின் துடிப்பு கூடினால் கருவி தானே மின்சாரத்தைக் கூட்டும், தணிந்தால் குறைக்கும். மின்சாரம் மிஞ்சினால் நாக்கு குழறும்.

துடிப்பைக் கேட்கும் சிப்பின் மின்சுற்றை வடிவமைத்தவர் சேலத்து நிறுவனமொன்றின் பொறியாளர் கோகிலவாணி. உடல் அதிர்ந்தால் கம்பியில் பொய்த் துடிப்பு எழும் என்று, அதை வடிகட்ட இன்னொரு சுற்றும் வரைந்திருந்தார். சோதனை அறையில் அதற்குத் தேவை தெரியவில்லை என்று பிரிவுத் தலைவர் சந்திரசேகர் அதை நீக்கிவிட்டார்.

பேச்சு குழறுவதாக மருத்துவர் வழியாகப் புகார் வந்ததும் சந்திரசேகரே காளியப்பனுக்குப் போன் செய்தார். காளியப்பன் அப்போது கடைவீதியில் இருந்தார். "வீட்டுப் பக்கம் சத்தம், அதிர்வு ஏதாவது இருக்கா?"

"சத்தமே இல்லீங்க."

அவ்வளவுதான். நோயாளியே சொல்லிவிட்டார் என்று புகார் முடிக்கப்பட்டது.

கோகிலவாணிக்கு மனம் ஆறவில்லை. மருத்துவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளிபாளையம் போனார். தெரு முனையிலேயே தறிகள் கேட்டன. காளியப்பனின் கட்டிலுக்கும் தறிகளுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். தண்ணீர்ச் சொம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, சத்தம் இல்லைன்னு சொன்னீங்களாமா?" கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"தறி ஓடுதுங்க," என்றார் காளியப்பன், குழறலாக. "தறியில நாடாக்கட்டை தப்பா அடிச்சு நூல் அறுந்தாத்தான் அது சத்தமுங்க. அப்படி ஒண்ணுமில்லீங்க."

கோகிலவாணி கருவியைத் தன் டேப்லெட்டோடு இணைத்தார். திரையில் மின்சார அளவைக் காட்டும் கோடு உச்சத்தில் நின்றது. தறிகளை நிறுத்தச் சொன்னார். கோடு விழுந்தது. சற்று நேரத்தில் காளியப்பனின் பேச்சு தெளிந்தது. மறுபடி ஓட்டினார்கள். மறுபடி ஏறியது.

அவர் மனைவி குஞ்சம்மாள் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப எங்கூட்டுக்காரரக் குடிகாரனாக்குனது உங்க மிசினுதானா சாமி?"

"ஆமாங்க."

கோகிலவாணி அங்கிருந்தே சந்திரசேகரை அழைத்து, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"அவங்கள வீட்டை மாத்திக்கச் சொல்லும்மா," என்றது போன். "ஒருத்தருக்காகச் சிப்பை மாத்த முடியுமா?"

"இந்த ஊரே தறிமேலதான் சார் படுக்குது. நான் வரைஞ்சத வெட்டினது நீங்க. ஒருநாள் இங்க வந்து உக்காந்துட்டு வெட்டியிருக்கலாம்."

குஞ்சம்மாள் போனருகே குனிந்தார். "மாத்திக்கறோமுங்க. எட்டுத் தறியையும் உங்க ஆபீசுல கொண்டாந்து போட்டர்றோம். சத்தமே இருக்காதுங்க."

காளியப்பன் சிரித்தார். சந்திரசேகர் இணைப்பைத் துண்டித்தார்.

கோகிலவாணி எல்லாவற்றையும் மருத்துவருக்கும் நிர்வாகத்துக்கும் எழுதி அனுப்பினார். அந்த வாரமே மருத்துவர் கருவியின் தானியங்கி முறையை அணைத்து, ஒரே அளவு மின்சாரத்தில் வைத்தார். காளியப்பனின் பேச்சு திரும்பியது. சாயங்காலங்களில் வலது கை நடுக்கமும் திரும்பியது. அடுத்த சிப்பிலும் வடிகட்டும் சுற்று சேர்க்கப்படவில்லை.