பலகையில பன்னெண்டும் வெள்ளை

"எய்ரின், இந்த மனுஷன் நீராவி ரூம்ல இருக்கானா பாரேன், கேபின்ல காணோம்"னு சோல்ஃப்ரிட் மீன் சூப் கிண்ணத்தோட மேல்தளத்துக்கு வந்து கேட்டப்ப, கப்பல் கிளம்பி பத்து நிமிஷம் ஆயிருந்துச்சு. போய் பாத்தேன். நீராவி ரூம்ல பெர்கன் ஊர்லேருந்து வந்த பல் டாக்டர் மட்டும் செவசெவன்னு உக்காந்திருந்தார். புஸ்தக ரூம்லயும் இல்ல, பார்லயும் இல்ல. பார் கதவ மூடுறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அவங்க புருஷன் ஒட்வார் எங்க இருக்கார்னு.

எங்க கப்பல்ல மொத்தமே பன்னெண்டு விருந்தாளிங்க, ஏழு சிப்பந்திங்க. வடதுருவத்துப் பக்கம் ஸ்வால்பார்ட் தீவுங்கள்ல கோடை பூரா இதான் பொழப்பு. ரப்பர் படகுல கரைக்கு கூட்டிட்டுப் போவோம், பனிப்பாறை காட்டுவோம், திரும்பி வந்தா கையில சூடான துண்டு குடுப்போம். படியேறுற எடத்துல ஒரு பலகை, அதுல ஆளுக்கொரு பேர் போட்ட டேக். இறங்குறப்ப சிவப்புப் பக்கம், ஏறுனதும் வெள்ளைப் பக்கம். அவங்கவங்க டேக்க அவங்கவங்க கையாலதான் திருப்பணும். அன்னிக்கு அதப் பாத்துக்கறது மட்டும்தான் என் வேலை. அதுல என்ன கஷ்டம், நீங்களே சொல்லுங்க.

ஒட்வார் தெனமும் திருப்ப மறந்துடுவார். ஃப்ரோயா தீவுல பெரிய சால்மன் மீன் பண்ணை வெச்சிருந்து வித்துட்டு வந்தவர். நேத்து ஸ்பீக்கர்ல அவர் பேர மூணு தடவ கூப்பிட்டேன். மனுஷன் பார்லயே உக்காந்துக்கிட்டு, "யாருப்பா அந்த ஒட்வார், தண்ணில விழுந்துட்டானா?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க, அவர் பொண்டாட்டி சோல்ஃப்ரிட்டத் தவிர. அதான் இன்னிக்கு கரையிலேருந்து மொத படகுல வந்ததும் தன் டேக்கத் திருப்புனாங்க, கூடவே அவரோடதையும் திருப்புனாங்க. "அடுத்த படகுல வந்துருவான். இன்னிக்காவது மானம் தப்பட்டும்"னு என்னப் பாத்து கண்ணடிச்சாங்க. நானும் சிரிச்சேன். எனக்கும் அந்தப் பேரக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போயிருந்துச்சு. ரெண்டாவது படகு வந்துச்சு. அதுல வந்தவங்களும் திருப்புனாங்க. கரையில பனிக்கரடிக் காவலுக்கு நின்ன எங்க சிப்பந்தி யோஸ்டைன் ரேடியோவுல, "பலகை என்ன சொல்லுது?"ன்னான்.

"ஃபுல், பன்னெண்டும் வெள்ளை"ன்னேன்.

அவன் துப்பாக்கியத் தோள்ல மாட்டிக்கிட்டு, தன் படகுல ஏறி வந்துட்டான்.

ஓடிப்போய் சொன்னப்ப கேப்டன் ஹால்வர் கத்தல. கத்தியிருந்தா நல்லாருந்திருக்கும். கப்பலத் திருப்பிக்கிட்டே, "காலைல கரடிய எங்க பாத்தோம்?"ன்னு கேட்டார்.

"ஓடை கடல்ல சேர்ற எடத்துல. நாம எறங்குன எடத்துலேருந்து ஆறு கிலோமீட்டர்"னேன்.

"எத்தன மணிக்கு?"

"ஏழு."

அப்ப மணி பதினொன்னே கால். "டேக்க யார் திருப்புனது?"

"நான்"னு பின்னாடியிருந்து குரல். சோல்ஃப்ரிட் கையில சூப் இன்னும் ஆவி பறந்துக்கிட்டு இருந்துச்சு.

"நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்"னேன் நான்.

"அப்புறம் பேசலாம்"னார் கேப்டன். அந்த 'அப்புறம்' யாருக்குன்னு பாக்காமயே தெரிஞ்சுது. தானும் வரேன்னு சோல்ஃப்ரிட் கேட்டாங்க. வேண்டாம்னுட்டார். ஏன்னு அவங்களும் கேக்கல.

நானும் யோஸ்டைனும் படகுல கெளம்புனோம். கரை கிட்ட வந்தப்ப, "ஆறு கிலோமீட்டர்னா கரடிக்கு சாப்பிட்டுட்டு ஒரு நடை நடக்கற தூரம்டி. ஃபுல்லாம்ல, ஃபுல்லு"ன்னான். நான் பைனாகுலர எறக்கவே இல்ல. கல்லு. பாசி. பழைய வேட்டைக்காரன் குடிசை. கரை பூரா ஒதுங்கிக் கெடக்கற மரம். அதுல ஒரு மரத்து மேல ஆரஞ்சா ஒரு பொட்டு. அது அசையல. யோஸ்டைன் துப்பாக்கியக் கையில எடுத்தான். கொஞ்ச நேரம் கழிச்சு அந்தப் பொட்டு ஒரு கையத் தூக்குச்சு.

"வந்தாச்சா"ன்னார் ஒட்வார், ஏதோ டவுன் பஸ் லேட்டா வந்த மாதிரி. ஒதடு நீலம் பாஞ்சிருந்துச்சு. "குடிசைக்குப் பின்னாடி ஒண்ணுக்குப் போனேன். திரும்பி வந்தா ஒரு படகும் இல்ல. கத்திப் பாத்தேன். கப்பல் சின்னதாகிட்டே போச்சு. அப்புறம் என்ன பண்றது, உக்காந்துட்டேன்."

"பயமா இல்லியா?"ன்னேன்.

"இருந்துச்சு. தனியாவே பயந்தேன்." எந்திரிக்காம கடலப் பாத்துக்கிட்டே கேட்டார். "என் டேக்க அவதான திருப்புனா?"

யோஸ்டைன் மலைப்பக்கம் திரும்பி நின்னுக்கிட்டான்.

"ஆமா"ன்னேன். "உங்க பேரக் கூப்பிட்டு எல்லாரும் சிரிக்கக் கூடாதுன்னு. நான் தடுத்திருக்கணும்."

"நீ எங்க தடுக்கறது, நானே தடுத்ததில்ல"ன்னார். "கல்யாணமாகி நாப்பத்தி நாலு வருஷம். பண்ணைய விக்கிறப்ப எங்க கையெழுத்துப் போடணும்னு வெரல் வெச்சுக் காட்டுனா. நானும் போட்டேன்." எந்திரிக்க முடியல, கை குடுத்து தூக்குனோம். படகுல ஏறுனப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அழுதாளா?"

"தெரியல"ன்னேன். உண்மையாவே தெரியல.

கப்பல்ல எல்லாரும் கைதட்ட ரெடியா படிக்கட்டுக்கிட்ட கூட்டமா நின்னாங்க. அவர் மொகத்தப் பாத்துட்டு ஒருத்தரும் தட்டல. சமையக்காரர் காப்பி நீட்டுனார், அத ஒட்வார் வாங்கல. பெஞ்சுல உக்காந்து லைஃப் ஜாக்கெட்டக் கழட்டப் பாத்தார். கொக்கி அமுங்கல. வெரலெல்லாம் வெறச்சுப் போயிருந்துச்சு. சோல்ஃப்ரிட் ரெண்டடி தள்ளி நின்னாங்க. அவங்க கை ரெண்டும் தானா மேல வந்துச்சு, அவர் மார்பு வரைக்கும். அங்கேயே நின்னுச்சு. அப்புறம் கொக்கியத் தொடாம ரெண்டையும் தன் அக்குளுக்குள்ள சொருகிக்கிட்டாங்க.

அவர் கையுறையப் பல்லால இழுத்து கழட்டித் தரையில துப்புனார். மறுபடி கொக்கியப் புடிச்சார். கட்டை விரல் வழுக்குச்சு. மறுபடி புடிச்சார். சோல்ஃப்ரிட் அவர் மொகத்தப் பாக்கல, அந்தக் கொக்கியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒதடு மட்டும் லேசா அசைஞ்சுது, அவர் எத்தன தடவ புடிக்கிறார்னு எண்ணுற மாதிரி. காலடியில எஞ்சின் அதிர ஆரம்பிச்சுது.