விரித்துப் பிடித்த மார்ப்பட்டை

பர்க் டாலிவர் ஆயிரம் மைல் நாய்வண்டிப் பந்தயத்தில் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கலந்துகொண்டவர். "எல்லைக்கோட்டைத் தாண்டினப்போ எனக்கு முன்னாலயும் ஆள் இல்லை, பின்னாலயும் ஆள் இல்லை. நானும் என் நாய்களும் மட்டும்தான்" என்று பயணிகளிடம் சொல்லும்போது அவருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். அதில் பொய் ஏதுமில்லை. மற்றவர்கள் எல்லாம் நாலைந்து நாள் முன்பே வந்து சேர்ந்து, விருந்து சாப்பிட்டு, கைதட்டு வாங்கி, ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். எல்லைக்கோட்டின் மேல் கட்டியிருந்த தோரணத்தைக்கூடக் கழற்றிச் சுருட்டி வைத்தாகிவிட்டது. ஆனால் ஜூனோ துறைமுகத்தில் கப்பலை விட்டிறங்கி, ஹெலிகாப்டரில் ஏறிப் பனியாற்றுக்கு வருகிறவர்களுக்கு இந்த விவரமெல்லாம் எதற்கு? அவர்களுக்கு வேண்டியது ஒரு நீளமான தாடி. அது பர்க்கிடம் இருந்தது.

நாய்களைக் கோரின் பார்த்துக்கொண்டாள்.

கோரின் ஹேகனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. நாலு கோடைகளாக அவளுக்குப் பனியாற்றின் மேல் பர்க் நடத்தும் சுற்றுலா முகாமில்தான் குடித்தனம். வெயில் காலத்தில் சுற்றியிருக்கும் பனி உருகி இறங்கிவிடும்; கூடாரத்தின் அடியில் இருக்கும் பனி மட்டும் நிழலில் அப்படியே நிற்கும். கொஞ்ச நாளில் கூடாரம் நாடக மேடையில் வைத்த சிம்மாசனம் மாதிரி உயரத்தில் உட்கார்ந்திருக்கும். அதைப் பிரித்து வேறு இடத்தில் அடிக்க வேண்டும். அப்புறம் நூற்றுச் சொச்சம் நாய்கள். அத்தனையின் காலைக்கடனையும் மண்வெட்டியால் வாரிப் பீப்பாயில் அடைக்க வேண்டும். பனியாற்றில் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது விதி. அதனால் அந்தப் பீப்பாய்களும் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டுதான் மலையிறங்கும்.

"இந்த முகாம்ல எல்லாமே ஹெலிகாப்டர்ல போகுது. நான் ஒருத்திதான் போகல" என்பாள் கோரின்.

அவள் போகாததற்குக் காரணம் ரிவெட்.

நாய்வண்டிக்காரர்கள் ஒரு ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கெல்லாம் ஒரே வகையாகப் பெயர் வைப்பார்கள். ஒரு வருஷம் பாலாடைக்கட்டிகள், ஒரு வருஷம் ஆறுகள். ரிவெட் பிறந்த வருஷம் பர்க்கின் லாரி பழுதாகி நின்றிருந்தது. ஆகவே ஹாமர், டிரில், போல்ட், கடைசியாக, எலிக்குஞ்சு அளவில், ரிவெட். மூன்று மாசக் குட்டியாக இருக்கும்போது ஒரு தடியன் நாய் அதன் இடது முன்னங்காலை மிதித்துவிட்டது. "இது வண்டிக்கு ஆகாது, யாராவது வீட்டுல வளக்கட்டும்" என்று பர்க் கைகழுவினார். கோரின் அதைத் தன் படுக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு தூங்கினாள். காலைப் பிடித்துவிட்டாள், நடக்க வைத்தாள், ஓட வைத்தாள். இரண்டு வருஷத்தில் அது ஒரு கூட்டத்தையே இழுத்துக்கொண்டு போகிற முன்னோடி நாயானது. மூடுபனியில் கோரினுக்குத் தன் கையே தெரியாதபோதும் ரிவெட்டுக்குப் பாதை தெரிந்தது.

போன வருஷம் கடைசி நாள் சாப்பாட்டில், சால்மன் மீனும் பீரும் உள்ளே போன பிறகு, பர்க் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றார். "இன்னும் ஒரு சீசன் வந்து வேலை பாரு கோரின். ரிவெட் உனக்குத்தான்." கையை நீட்டினார். அவள் குலுக்கினாள். அந்தத் தொழிலில் நாயைக் கைமாற்றக் காகிதம் கிடையாது, கைகுலுக்கல்தான். கோரினிடம் ஏற்கெனவே பதினோரு நாய்கள் இருந்தன. மற்றவர்கள் கழித்துக்கட்டியவை, ஒரு சிநேகிதியின் தோட்டத்தில் தின்றுகொண்டிருந்தன. முன்னோடி இல்லாவிட்டால் அவை கயிற்றில் கட்டிய பதினோரு அபிப்பிராயங்கள்; ரிவெட் முன்னால் நின்றால் ஒரு வண்டி. வருகிற மார்ச்சில் அந்த வண்டியோடு அவள் ஆயிரம் மைல் போவதாக இருந்தாள். அதற்காகத்தான் இந்தச் சீசனும் மண்வெட்டி பிடித்தாள்.

ஜூலையில் ஒரு காலை, ஊரிலிருந்து ரேடியோவில் பர்க்கின் குரல் வந்தது.

"கோரின், இப்ப வர்ற ஹெலிகாப்டர்ல டாக்டர் பெம்பர்டன்னு ஒருத்தர் வர்றார். முக்கியமான ஆளு. சும்மா ஒரு ரவுண்டு அடிச்சு, குட்டியோட போட்டோ எடுத்து அனுப்பிடாத. எல்லாத்தையும் கத்துக்குடு. ரிவெட்டையே போட்டுக் கத்துக்குடு."

"எல்லாத்தையும்னா?"

"தானே ஓட்டற அளவுக்கு. நல்ல மனுஷன். என்னோட பெரிய ரசிகர்."

டாக்டர் பெம்பர்டன் அரிசோனாவில் பல் டாக்டர். பனிக்காக வாங்கிய உடுப்பில் விலைச்சீட்டு ஒன்று இன்னும் அக்குளில் தொங்கிக்கொண்டிருந்தது. வந்ததும் வராததுமாக முட்டி போட்டு, ரிவெட்டின் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"கடைவாய்ப் பல்லு பிரமாதம்! என் பேஷண்ட்டுல ஒருத்தருக்குக்கூட இப்படி இல்லைங்க."

கோரினுக்கு ஆளைப் பிடித்துப்போனது. முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "நானும் நிறைய வீடியோ பாத்திருக்கேன். இவ மாதிரி ஒரு நாய் ஓடிப் பாத்ததே இல்லை. இவளுக்கு யார் சொல்லிக்குடுத்தது?"

நாய்வண்டிக்காரர்களிடம் அவர்கள் பெண்டாட்டியையோ புருஷனையோ புகழ்ந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். முன்னோடி நாயைப் புகழ்ந்தால் போயிற்று. அடிவயிற்றில் கிடப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். கோரினும் கொட்டினாள்.

"நான்தாங்க. பாருங்க, இவகிட்டக் கத்தக் கூடாது. கத்தினா, பயந்துபோன ஆளுதான் வண்டில நிக்கறான்னு இவளுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் இவ இஷ்டத்துக்குத்தான் போவா. வலது பக்கம் போகணுமா, 'ஜீ'ன்னு உங்களுக்குள்ளயே பேசிக்கற மாதிரி ஒரே ஒரு தடவை சொல்லுங்க. ரெண்டாவது தடவை சொன்னா மரியாதை போச்சு."

டாக்டர் சொல்லிப் பார்த்தார். ரிவெட் வலது பக்கம் திரும்பியது. அவர் முகத்தில், வலிக்காமல் பல் பிடுங்கிய சந்தோஷம்.

"பட்டை மாட்டறது எப்படிங்க? மத்த நாயெல்லாம் குதிக்குதே."

"இவளைத் துரத்திப் பிடிச்சு மாட்ட வேண்டியதே இல்லை. கூப்பிடக்கூட வேண்டாம். மார்ப்பட்டையை எடுத்து, கழுத்து வர்ற இடத்தை இப்படி விரிச்சுப் பிடிச்சுட்டுச் சும்மா நில்லுங்க. எங்க இருந்தாலும் ஓடி வந்து தானே தலையை விட்டுக்குவா. பாருங்க, பாருங்க!" தாய்க்குரிய பெருமையோடு கோரின் விரித்துப் பிடித்தாள். ரிவெட் தலையை விட்டது. டாக்டரும் ஒரு தடவை பிடித்தார். அவருக்கும் விட்டது. இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி சிரித்தார்கள்.

சிரித்த வாக்கிலேயே டாக்டர் ஒரு போட்டோ எடுத்தார். "இதைத்தான் மார்ச் போஸ்டர்ல போடப்போறோம்."

"மார்ச்ல என்ன?"

"ஆயிரம் மைல்தாங்க! பர்க் சொல்லலையா? ஒரு முழு டீமையும் அவர்கிட்டயிருந்து காசு குடுத்து எடுத்துட்டேன். ரிவெட்தான் லீடர். இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன், பழகணும்ல? 'முகாம்ல ஒரு பொண்ணு இருக்கா, ஒரு காலைல எல்லாத்தையும் கத்துக்குடுத்துடுவா'ன்னு பர்க் சொன்னார். நூத்துக்கு நூறு உண்மைங்க!"

கோரின் கையில் இருந்த கயிற்றை நாய்களின் மேலேயே போட்டாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை; காலையிலிருந்து தான் பேசியதெல்லாம் தன் காதிலேயே மறுபடி ஓடியது. வாயைக் கொடுத்தது அவள், வாங்கிக்கொண்டது இன்னொருவர், நடுவில் தரகு பார்த்தவர் அடுத்த ஹெலிகாப்டரில் ஆறு பயணிகளோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

பர்க் இறக்கை சுழலும்போதே தாடி பறக்க இறங்கினார். அந்தக் கோணத்தில்தான் போட்டோ நன்றாக விழும் என்பது அவருக்குத் தெரியும்.

"நீங்க எனக்குக் கைகுடுத்தீங்க" என்றாள் கோரின்.

"கோரின், விருந்தாளிங்க இருக்காங்க."

"அன்னிக்கும்தான் இருந்தாங்க. எல்லார் முன்னாலயும்தான் குடுத்தீங்க. ரிவெட் என்னோடதுன்னு."

ஆறு பயணிகளும் போனைத் தூக்கிவிட்டார்கள். சண்டையும் சுற்றுலாவில் சேர்த்தியோ என்னவோ. பர்க் போன்களைப் பார்த்தார். குரல் தானாகவே இரண்டு படி இறங்கி, மேடைக் குரலானது.

"என்னோடது, உன்னோடது! முப்பது வருஷமா இந்தப் பனி எனக்குச் சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். நாயை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, கோரின். நாய்தான் நம்மைத் தேர்ந்தெடுக்கும்."

ஒரு பாட்டியம்மாள் கைதட்டினாள்.

"அப்படியா? தேர்ந்தெடுக்கட்டும்" என்றாள் கோரின். "அவிழ்த்து விடுங்க. எங்கிட்ட வந்தா என்னோடது. அவர்கிட்டப் போனா நான் வாயைத் திறக்கல."

பர்க்கின் தாடிக்குள் ஏதோ நெளிந்தது. அவருக்கு ரிவெட்டைத் தெரியும். அது யாருடைய படுக்கைப் பைக்குள் வளர்ந்தது என்றும் தெரியும். ஆனால் முப்பது வருஷப் பனி சொல்லிக்கொடுத்த பாடத்தை ஆறு போன்கள் படம் பிடித்த பிறகு எப்படி விழுங்குவது? "அதுதான் நியாயம்" என்று சொல்லிவைத்தார்.

விமானி ஸ்கீட்டர் ரிவெட்டின் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதை ஹெலிகாப்டர் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். எதிரே கோரின் ஒரு பக்கம், கொஞ்சம் தள்ளி டாக்டர் இன்னொரு பக்கம். ஸ்கீட்டர் கழுத்துப்பட்டியை விட்டான்.

"ரிவெட்! வாடி கண்ணு!"

ரிவெட் பாய்ந்து வந்தது. நேராகக் கோரினை நோக்கித்தான். காதைப் பின்னால் மடித்து, நாக்கைத் தொங்கவிட்டு, பனியைச் சிதற அடித்துக்கொண்டு. கோரின் முட்டி போட்டுக் கையை விரித்தாள்.

டாக்டர் கூப்பிடவே இல்லை. குனிந்து, காலடியில் கிடந்த மார்ப்பட்டையை எடுத்து, கழுத்து வருகிற இடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

ரிவெட் பாதியிலேயே திரும்பியது. நின்று யோசிக்கவில்லை, ஒரு கணம்கூடக் கோரினைப் பார்க்கவில்லை. ஓடிப்போய்ப் பட்டைக்குள் தலையை விட்டு, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, 'எங்கே வண்டி?' என்பது போல டாக்டரை நிமிர்ந்து பார்த்தது.

டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. "நீங்கதானே சொன்னீங்க..." என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். பர்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை நிஜமாகவே ஈரம் இருந்தது, தப்பித்த ஈரம்.

கோரின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நாய்களின் வரிசைக்குப் போனாள். சொன்ன வாக்குப்படி வாயைத் திறக்கவில்லை. வாரினாள், பீப்பாயில் போட்டாள். பர்க் ஏமாற்றியது பற்றி அவளுக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. அவர் தாடி வைத்ததே அதற்குத்தான். இந்த நாய்! பனிக்காற்றில் அதன் காலைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

கால்.

அதை மட்டும் அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுப்பதற்குள் போஸ்டர் பேச்சு வந்துவிட்டது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ரிவெட்டின் இடது முன்னங்கால் மணிக்கட்டைக் கட்டைவிரலால் நீவிவிட வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரிக்குள் வீங்கிவிடும். இருநூறு மைல் தாண்டியதும் நொண்டும். யாருமில்லாத வெளியில் பல் டாக்டர் நாயின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பார். பர்க்கின் பெயர் ஊரெல்லாம் நாறும். இதை நினைக்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மண்வெட்டி வாருகிற நேரம் நன்றாக இருந்தது.

அப்புறம் நொண்டுவது பர்க் இல்லை என்பது உறைத்தது.

இறக்கை சுழல ஆரம்பித்துவிட்டது. கோரின் மண்வெட்டியை வீசிவிட்டுக் குனிந்து ஓடினாள். ஜன்னலில் தட்டி, "இடது கால்! மணிக்கட்டு!" என்று கத்தினாள். உள்ளே டாக்டர் காதில் ஹெட்போனை மாட்டியிருந்தார். சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அவள் சுற்றிப் போய் ஸ்கீட்டர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "இடம் இருக்கா?"

"இருக்கு. நீதான் ஹெலிகாப்டர்ல போற ஆளே இல்லையே?"

"இன்னிக்குப் போறேன்."

பர்க் ஓடி வந்தார். "ஏய் கோரின்! இந்த ஆறு பேருக்கு யாரு வண்டி ஓட்டறது?"

"நீங்கதான். முன்னாலயும் பின்னாலயும் ஆளே இல்லாம ஓட்டினவராச்சே!"

மேலே எழும்பும்போது அவள் கீழே பார்த்தாள். நூறு நாய்களும் ஓட வேண்டும் என்று ஊளையிட்டுக் குதித்துக்கொண்டிருந்தன. ஆறு பேர் போனைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நடுவில் சாம்பியன் பர்க், தடியன் ஹாமரின் முன்னங்கால் ஒன்றைக் கழுத்து போகிற ஓட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்னால் திரும்பினாள்.

"டாக்டர், நல்லாக் கேட்டுக்குங்க. இவளோட இடது முன்னங்கால்..."

"இருங்க, இருங்க!" டாக்டர் அவசரமாகப் போனை எடுத்து, ஹெட்போனோடு ஒட்டிப் பிடித்தார். "ரெக்கார்ட் பண்ணிக்கறேன். ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க."

கோரின் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். எந்த விரலால், எவ்வளவு அழுத்தி, எந்தப் பக்கமாக நீவ வேண்டும், வலித்தாலும் ரிவெட் அதைக் காட்டிக்கொள்ளாது என்பது வரைக்கும்.

ரிவெட் டாக்டரின் புது பூட்ஸ் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. இயந்திரச் சத்தத்தை மீறி வந்த குரலுக்கு ஒரு காதை மட்டும் நிமிர்த்தியது. கட்டளை எதுவும் இல்லை என்று தெரிந்ததும் மடித்துக்கொண்டது.