முதல் சுற்றிலேயே நன்றி

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து வந்தது. அம்மாவின் தவறு. (கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர மட்டும் மாத்திரு" என்றாள். ஆகவே இங்கே அம்மாவின் பேர் ஜெபமணி.)

எங்கள் சபையில் ஆராதனை முடியும் முன் மைக் இரண்டு சுற்று வரும். முதல் சுற்று, கிடைத்த நன்மைக்கு நன்றி சொல்ல. இரண்டாவது, ஜெபம் கேட்க. அப்பாவின் கழுத்தில் ஒரு கட்டி. மதுரையில் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரவில்லை. அம்மா எழ வேண்டியது இரண்டாம் சுற்றில். பதற்றத்தில் முதல் சுற்றிலேயே எழுந்துவிட்டாள்.

"என் வீட்டுக்காரருக்குக் கழுத்துல கட்டி..."

அதற்குமேல் அழுகைதான் வந்தது. கட்டி கரைந்துவிட்டதென்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பாஸ்டர், "ஆண்டவர் சுகம் கொடுத்தார்!" என்றார். சபை கைதட்டிப் பாடியது. அப்பாவும் தட்டினார்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "மலைமேல் கருமேகம் கவிந்த ஒரு துயரமான காலையில்..." அடித்துவிட்டேன். அன்று தேனியில் நல்ல வெயில்.

அடுத்தது: "விசுவாசம் என்பது..." இதையும் முடிக்கவில்லை. எனக்கு அதன் வரையறை தெரியாது.

3

மறுநாள் பஜாரில் எங்கள் ஏலக்காய்க் கடைக்கு, பக்கத்து வத்தல் கடை ஜோதிலட்சுமி அக்கா கம்பத்துத் திராட்சையோடு வந்தார்.

"நல்லாயிருச்சாமே அண்ணே! ஒரு வார்த்த சொன்னீகளா? ஊரெல்லாம் சொல்லித்தான் எனக்குத் தெரியுது."

"எனக்கே ஊர் சொல்லித்தான் தெரியும்த்தா" என்றார் அப்பா. திராட்சையை வாங்கிக்கொண்டு உண்மையையும் சொன்னார். அக்கா அப்பாவின் கையிலிருந்த திராட்சையைப் பார்த்தார். பிறகு, "பழத்தத் திருப்பியா கேக்கப் போறேன்? தின்னுங்க" என்றார்.

வீட்டில் அம்மா அழுதாள். "ஆலயத்துல நின்னு பொய் சொல்லிட்டேனேங்க."

"நீ எங்க சொன்ன? எந்திரிச்சு அழுத. மிச்சமெல்லாம் பாஸ்டர்ல சொன்னாக."

"வர்ற ஞாயிறு எந்திரிச்சு, இல்லன்னு சொல்லிரவா?"

"ரிசல்ட் வரலன்னு சொல்லு. நன்றிய ஏன் வாபஸ் வாங்குற? இத்தன வருசமா இந்தக் கழுத்து சும்மாதான இருந்துச்சு, அதுக்கு ஒருநாளாச்சும் எந்திரிச்சமா? அதுக்குன்னு வச்சுக்கிடச் சொல்லு."

4

இங்கே எனக்கு அப்பாமேல் சந்தேகம் வந்தது. பயந்த மனிதர் இப்படிப் பேசுவாரா? ஒரு வரைவில் அவரைத் தேம்பி அழவைத்தேன். ஒட்டவில்லை.

(அவர் பயந்திருந்தார். சவரம் செய்யும்போது கட்டி இருக்கும் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.)

5

நான் உயிர்வேதியியல் படித்தவள். எங்கோ ஓர் ஆய்வகத்தில், கண்ணாடித் தகட்டின்மேல், அந்தச் செல்கள் ஏற்கெனவே என்னவோ அதுவாகவே இருக்கின்றன. டாக்டர் சொல்வதால் மாறப்போவதில்லை. தெரியாதது நமக்குத்தான். தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறேன். முடிவு யார் கையில் என்று அறிவதும், முடிவு என்னவென்று அறிவதும் ஒன்றல்ல. முதலாவது மட்டும்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது. சில நாள் அது போதுமானதாக இருக்கிறது. சில நாள்...

6

முடிவு அ: சாதாரணக் கட்டி. வாசகருக்குப் பிடிக்கும். பாஸ்டருக்கும்.

முடிவு ஆ: அதுவேதான். மருந்து, மதுரைக்கு அலைச்சல்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் "ஆண்டவரே, நன்றி" என்று ஒரு வரி வந்தது. முதலாவதில் தானாக. இரண்டாவதில் கை வெகுநேரம் நின்றது. பிறகு சபையில் பாடியவர்களை நினைத்தேன், திராட்சையை நினைத்தேன், பாதி சவரத்தோடு கடை திறக்கப் போன அப்பாவை நினைத்தேன். எழுத முடிந்தது.

7

இதை மதுரை மருத்துவமனை வராந்தாவில், போனில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் நர்ஸ் எட்டிப்பார்த்தார்.

"ஞானதுரை யாரு? வீட்டாளுகளும் வாங்க."

அம்மா எழுந்துவிட்டாள். அப்பா சட்டையின் மேல் பொத்தானைப் போடுகிறார். நானும் போக வேண்டும். முடிவை உங்களிடம் விட்டுப்போகிறேன். ஜெபிக்கிறவர் என்றால் ஜெபியுங்கள். பழக்கமில்லை என்றால், நாங்கள் வெளியே வரும்வரை எங்கள் பையைப் பார்த்துக்கொண்டு இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். அதற்கும் என் நன்றி.